வேடமா, விருந்தா, வீட்டுக் கதையா?

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது என் யு.கே.ஜி. வகுப்பில் மொட்டைத் தலைகள் சில கட்டாயம் இருக்கும். ஓர் ஆண்டு மூன்று மொட்டைகள் ஒரே பெஞ்சில் அமைந்துவிட்டன. ஒருத்திக்கு வேளாங்கண்ணியில் எடுத்த முடி. ஒருவனுக்குச் சிக்கல் சிங்காரவேலர் கோயிலில். மூன்றாமவனுக்கு நாகூர் தர்காவில். நாகூரில் முடி இறக்கியவன் முஸ்லிம் வீட்டுப் பையன் என்று நினைத்தால் தவறு. அவன் மீனவர் தெருவைச் சேர்ந்த இந்துப் பையன். அவர்கள் குடும்பத்தில் முதல் மொட்டை நாகூர் ஆண்டவருக்கு என்று பாட்டன் காலத்திலேயே நேர்ந்துகொண்டார்களாம். மூன்று பேரும் ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துவிட்டு, யாருடைய மொட்டை அதிக வழவழப்பு என்று தீர்ப்புக் கேட்டு என்னிடம் வந்தார்கள்.

நாகப்பட்டினத்தில் மழலையர் வகுப்பு எடுப்பவருக்கு இப்படி ஒரு கொடுப்பினை. வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர், தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி, மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் சிக்கல். ஆனால் பக்கத்தில் இருப்பதும் பழகியிருப்பதும் ஒன்றல்ல. வேளாங்கண்ணி பஸ்ஸைத் தினமும் பார்க்கிற குழந்தை, ஒரு கிறிஸ்தவர் வீட்டு வாசற்படியை ஒரு முறைகூட மிதிக்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிட முடியும். முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு ஜூனிலும் பெற்றோர் கூட்டத்தில் ஒரே கேள்வி எழும்: பிற மதத்தார், பிற குடும்பத்தார் பழக்கவழக்கங்களைப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு எப்படி அறிமுகம் செய்யப்போகிறோம்? பள்ளியில் வேட நாள் வைக்கலாம். படமும் கதையும் காட்டலாம். கோயில், தர்கா, மாதா கோயில் என்று அழைத்துப் போகலாம். பண்டிகையன்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகலாம். அவரவர் வீட்டு வழக்கத்தை அவரவர் பிள்ளை வாயால் சொல்லவைக்கலாம். ஐந்தையும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றோடு ஒன்றை எடைபோட என்னிடம் இருக்கும் தராசு எளியது. எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆனபின் குழந்தையிடம் சும்மா பேச்சுக் கொடுப்பேன். அதன் மனத்தில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் அந்த வழியின் மதிப்பெண்.

வேட நாள்

பள்ளிகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம் எளிது: ஒரே நாளில் முடிந்துவிடும், புகைப்படம் நன்றாக வரும். பட்டு வேட்டி கட்டி விபூதிப் பட்டை போட்ட ஒருவன், கட்டம் போட்ட கைலியும் தொப்பியும் பஞ்சுத் தாடியுமாக ஒருவன், கழுத்தில் அட்டைச் சிலுவையோடு வெள்ளைக் கவுன் அணிந்த ஒருத்தி. மூவரும் கைகோத்து நிற்பார்கள். டிசம்பர் என்றால் கூடவே ஒரு சாண்டா கிளாஸ், கம்பளிக்குள் வியர்த்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் வீடுகளில் சாண்டாவைவிட மாதாதான் பெரிய ஆள் என்பதை யாரும் அந்த மேடைக்குச் சொல்வதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மிகுந்த உற்சாகத்தோடு நடத்தியிருக்கிறேன். ஒரு முறை ஒத்திகையின்போது ஒரு முஸ்லிம் பையன், தாடி வைத்த சக மாணவனைச் சுட்டிக்காட்டி, "இவன் யார் மிஸ்?" என்றான். "முஸ்லிம் தாத்தா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் வாப்பா பேண்ட்தானே போடுகிறார்?" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைய மேடையில் அவன் வீட்டுக்கு இடமில்லை. யோசித்துப் பார்த்தால் மீனவர் தெருப் பிள்ளைக்கும் இடமில்லை. பட்டு வேட்டியும் பட்டையுமாக அவன் அப்பாவை அவன் பார்த்தே இருக்க மாட்டான்.

மழலையர் கல்வியில் பெயர்பெற்ற அமெரிக்கரான லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989இல் இந்த மாதிரிப் போதனைக்குச் சுற்றுலாப் பாடம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பிறர் வாழ்க்கைக்குள் உடை, உணவு, ஆட்டம் என்று ஒரு நாள் சுற்றுலா போய்விட்டு, மறுநாள் நம் வழக்கமான பாடத்துக்குத் திரும்பிவிடுவது. மற்றவர்கள் விசேஷ நாளில் மட்டும் இருப்பவர்கள், சாதாரண நாளில் காணாமல் போகிறவர்கள் என்று குழந்தைக்கு அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997 முதல் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். சீனக் குழந்தை சேலை கட்டி வரும், தமிழ்க் குழந்தை மலாய் உடையில் வரும். ஆனால் அந்தத் தேதிக்குப் பின்னால் 1964இல் நடந்த இனக்கலவரத்தின் நினைவு இருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியும். நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்ல முடியாது. அதன் கையில் மிஞ்சுவது உடை மட்டுமே. நம் ஊர் மேடைகளில் அந்த நினைவுகூட இல்லை.

ஒரு மாதம் கழித்து என் தராசில் இது என்ன காட்டியது? "நான் பாய் வேஷம் போட்டேன், தாடி அரித்தது." அவ்வளவுதான்.

இதை அடியோடு விட முடியாத பள்ளிகளுக்கு ஒரு திருத்தம் உண்டு. பிறர் வேடம் வேண்டாம். உன் வீட்டில் போன பண்டிகைக்கு நீ என்ன உடுத்தினாயோ அதையே போட்டு வா. வாடகைச் செலவு கிடையாது, பஞ்சுத் தாடி கிடையாது. அக்காவின் பழைய பாவாடையைப் பிடித்துத் தைத்ததைப் போட்டு வந்த பிள்ளை அதன் கதையைச் சொல்லும். புத்துடையே வாங்காத வீட்டுப் பிள்ளை அன்று கூனிக் குறுகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஆசிரியரின் பொறுப்பு.

படம், காணொலி, கைவேலை

இதில் சொல்ல அதிகம் இல்லை. பச்சைத் தாளில் பிறை வெட்டி ஒட்டலாம், காகிதத்தில் நட்சத்திரம் மடிக்கலாம், களிமண்ணில் அகல் செய்யலாம். விரல்களுக்கு நல்லது. காணொலி அதைவிடக் குறைவு. திரையில் தெரிவது எதுவும் அந்த வயதுக்குத் திரைக்குள்ளேயே நடப்பதுதான்.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு: தினசரிக் காலண்டர். மளிகைக் கடையில் இனாமாகத் தரும் அதே கிழிக்கும் காலண்டர். அதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, பலவற்றில் இஸ்லாமிய மாதத் தேதியும் இருக்கும். மூன்று கணக்கும் சண்டையில்லாமல் ஒரே ஆணியில் தொங்கும். காலையில் தாளைக் கிழிக்கும் உரிமையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, "இன்று யார் வீட்டில் என்ன?" என்று கேட்டால் போதும். பொங்கல் ஜனவரி நடுவிலேயே நிற்கிறது, தீபாவளி முன்னும் பின்னும் ஆடுகிறது, ரம்ஜான் ஆண்டுக்கு ஆண்டு சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது என்பதை இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தானே கண்டுபிடிக்கும். சூரியனைப் பார்த்து ஒரு கணக்கு, நிலாவைப் பார்த்து ஒரு கணக்கு என்று அப்போது சொன்னால் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும். 2030இல் ஒரே ஆண்டுக்குள் ரமலான் மாதம் இரண்டு முறை தொடங்கும், ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. இன்று மடியில் இருக்கும் குழந்தைகள் அதை விவரம் தெரிந்து பார்ப்பார்கள்.

காலண்டரின் குறை, அது பண்டிகையின் பெயரைச் சொல்லும், வீட்டைக் காட்டாது.

தலங்களுக்கு அழைத்துப் போவது

எங்கள் ஊரில் இது எளிது என்பதால் எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகூரில் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தையிடம், "இதைக் கட்டிக்கொடுத்த ராஜா வேறு சாமி கும்பிட்டவர்" என்று ஒரு வரி சொன்னால் போதும், நல்லிணக்க உரை எதுவும் தேவைப்படாது. வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனின் கதை இருக்கிறது. மோர் கேட்ட தாய்க்குக் கொடுத்தான், எழுந்து நடந்தான். அந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்த கதை. சிக்கலில் அம்மாவிடம் வேல் வாங்கும் முருகன். "சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம்" என்பது இந்தப் பக்கத்துப் பாட்டிகளின் வாயில் புழங்கும் சொல். அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சண்டைக்கே போனார் என்பது பிள்ளைகளுக்கு ரொம்பவும் பிடிக்கும்.

ஆனால் திருவிழா உச்சத்தில் அழைத்துப் போகாதீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் காவி உடுத்து நடந்து வரும் கூட்டம் பெரியவர்களுக்கே திணறல். நாகூர் தர்காவின் கந்தூரி விழாவின்போது நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குப் போகும் சந்தனக்கூடு ஊர்வலத்தைச் சாலையோரம் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பது நல்லது. கூட்டத்துக்குள் தோளில் தூக்கிப் போனால் குழந்தைக்கு நினைவில் நிற்பது பயம் மட்டும்.

பள்ளி வாகனத்தில் 40 பிள்ளைகளை ஏற்றிப் போவதும் சரிவரவில்லை. ஒரு முறை போனோம். செருப்புகளை எண்ணுவதிலேயே பாதி நேரம் போயிற்று. அதற்கு முந்தைய வாரமே இரண்டு அப்பாக்கள் வந்து, "எங்கள் பிள்ளையை அங்கே கும்பிடவைப்பீர்களா?" என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், கேள்வி ஒன்றே. கேட்டதில் தவறில்லை. பார்ப்பதற்கும் வழிபடுவதற்கும் நடுவே கோடு எங்கே என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள வேண்டும், குழந்தை எதிரில் அல்ல. குடும்பமாகப் போனால் இந்தச் சிக்கலே இல்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் போய், தலையில் துணி போடச் சொன்னால் போட்டுக்கொண்டு, கழற்றச் சொன்னதைக் கழற்றிவைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

ஒரு மாதம் கழித்து மிஞ்சியது: நாகூரில் புறாக்கள், வேளாங்கண்ணியில் கடல், சிக்கலில் புளியோதரை. குறைத்துச் சொல்லவில்லை. புறா இருக்கிற இடம் என்று பிடித்துப்போன இடத்தைப் பற்றி அந்தக் குழந்தையிடம் பின்னாளில் எவர் வெறுப்பாகப் பேசினாலும், முதலில் அந்தப் புறாக்களைத் துரத்த வேண்டியிருக்கும். ஆனாலும் அது இடத்தோடு பழகிய பழக்கம்தான். மனிதரோடு அல்ல.

அடுத்த வீட்டுக்குப் போவது

மலேசியாவில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் திறந்த இல்ல உபசரிப்பு என்று எழுதும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி எதுவானாலும் அந்த வீட்டுக்காரர் வாசலைத் திறந்துவைப்பார், மற்ற இனத்தவர் வந்து உண்டுவிட்டுப் போவார்கள். நம் ஊர்களில் பெயர் வைக்காமலே தட்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போகும், நோன்பு மாதத்தில் மாலையில் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் கேக்கும் வரும். இப்போதும் நடக்கிறது. அடுக்குமாடிகளில் குறைந்துவிட்டது.

இங்கேதான் நான் கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெண் குழந்தை, அடுத்த வீட்டு உம்மா கொடுத்த இனிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. "சாப்பிட்டாயா, எப்படி இருந்தது?" என்றேன். "நாங்கள் சாப்பிட மாட்டோம் மிஸ், அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், அப்புறம் வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடுவார்" என்றது, மிக இயல்பாக. அந்தத் தட்டை வைத்து அந்தக் குழந்தை இரண்டு பாடம் படித்துவிட்டது. அடுத்த வீட்டார் கொடுப்பது நமக்கு ஆகாது என்பது ஒன்று. நமக்கு ஆகாதது வேலைக்கு வருகிறவருக்கு ஆகும் என்பது இன்னொன்று. எந்த வேட நாள் இதை அழிக்கும்? பெரியவர்கள் தட்டை வாங்கிய பிறகு அடுப்பங்கரையில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பாடப்புத்தகம். வாசலில் சிரித்த சிரிப்பு வெறும் அட்டை.

உண்மையாகவே உண்ண முடியாத காரணம் இருக்கலாம். சைவ வீட்டுக்கு இறைச்சி ஆகாது. சாமிக்குப் படைத்ததை உண்பதில்லை என்று பல முஸ்லிம் வீடுகளிலும் சில கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த வீடுகளிலும் வழக்கம். இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. என் பக்கத்து வீட்டில் பெரியவர் ஒருவர், பல ஆண்டுப் பழக்கத்தில், "இது படைக்காமல் தனியாக எடுத்து வைத்தது" என்று சொல்லித்தான் சுண்டலை நீட்டுவார். எதிர்வீட்டில் பக்ரீத் அன்று இறைச்சியை மூன்று பங்காகப் பிரிக்கும்போது, சைவ வீடுகளுக்கென்று பழமும் இனிப்பும் ஒரு பக்கம் தயாராக இருக்கும். இந்த இரண்டு காட்சியையும் குழந்தை பார்த்தால், வேற்றுமையை வைத்துக்கொண்டே எப்படி உறவாடுவது என்பது பிடிபட்டுவிடும். "அவர்களுக்கு இது ஆகாது, அதனால் நாம் அதை வைக்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் ஐந்து வயதுக்கு முழுமையாகப் புரியும். விளையாட்டில் "அவனுக்கு முட்டி வலிக்கிறது, அவன் ஓட வேண்டாம்" என்று விதியை மாற்றிக்கொள்கிறவர்கள்தானே அவர்கள்.

இன்னொரு தடை, யாரும் எளிதில் பேசாதது. பல பிள்ளைகளுக்கு அடுத்த வீடு என்பதே இல்லை; தெரு முழுக்க ஒரே சமூகம். இதில் மதத்தைவிடச் சாதி அதிகம் வேலை செய்கிறது. ரம்ஜானுக்குப் பிரியாணி சாப்பிடப் போகும் வீட்டிலேயே, ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்குப் பொங்கலன்று போனதுண்டா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். பன்முகம் என்று நாம் அழகாகச் சொல்லும்போது மூன்று மதச் சின்னத்தை வரைந்துவிட்டு, இந்தத் தூரத்தை வரையாமல் விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வீடு போவது என்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் எந்த வீட்டுக்கு என்பதையும் தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தை அதையும் கவனிக்கிறது.

எப்படிச் செய்தால் பலன்? பத்துப் பண்டிகைக்குப் பத்து வீடு வேண்டாம். ஒரே வீடு, ஓர் ஆண்டில் மூன்று முறை. பெருநாளன்று ஒரு முறை போங்கள். நோன்புக் காலத்தில் மாலை ஆறு மணி சுமாருக்கு ஒரு முறை, பாத்திரத்தோடு. குருணையும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து கொதிக்கும் அந்த மணம் எந்தப் படத்திலும் வராது. இரவு பிறை பார்க்க மாடி ஏறும் நாளாக இருந்தால் இன்னும் விசேஷம். எந்தக் குழந்தை முதலில் கண்டது என்று பெரிய வழக்கே நடக்கும். மூன்றாம் முறை எந்தப் பண்டிகையும் இல்லாத நாளில் போங்கள். இந்த மூன்றாவதுதான் முக்கியம். அன்று அந்த வீட்டில் யாரோ துணி மடித்துக்கொண்டிருப்பார், யாரோ வீட்டுப்பாடம் எழுதமாட்டேன் என்று அழுதுகொண்டிருப்பார். பண்டிகை இல்லாத நாளிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்று குழந்தை அறிவது அன்றுதான்.

ஒரு மாதம் கழித்து ஒரு சிறுவன் என்னிடம் சொன்னது: "அவர்கள் வீட்டு நன்னி (பாட்டி) பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் எனக்கு மட்டும் டீ போட்டுக் கொடுத்தார்." தராசு இங்கே நன்றாகவே தாழ்ந்தது.

தன் வீட்டுக் கதையைத் தானே சொல்வது

மேலே சொன்ன எதுவும் முடியாத வீட்டுக்கும், 35 பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும் இதுதான் என் பரிந்துரை. வாரம் ஒரு பிள்ளை, பத்து நிமிடம். "உங்கள் வீட்டில் மட்டும் செய்கிற ஒன்றைச் சொல்." அவ்வளவே. மதத்தின் பெயர் கேள்வியில் வராது.

முதல் சில வாரங்களில் புரிந்துவிடும், வேற்றுமை மதங்களுக்கு நடுவே தொடங்குவதில்லை, ஒரே மதத்துக்குள்ளேயே வீட்டுக்கு வீடு கிடக்கிறது. பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் வாசலில் புதுப்பானை, ஒரு வீட்டில் குக்கர். ஒரு வீட்டில் மறுநாள் அக்காவும் தங்கையும் மஞ்சள் இலையில் வண்ண வண்ணச் சோற்று உருண்டை வைத்து, "காக்காப்பிடி வைத்தேன், கணுப்பிடி வைத்தேன்" என்று அண்ணன் தம்பிக்காக வேண்டுகிறார்கள். ஒரு வீட்டில் அன்று ஆட்டுக்கறி. தஞ்சை, நாகை பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமத்துப் பிள்ளை வந்து, தங்களுக்குப் பொங்கல் ஜனவரி 17இல் வனத்து அந்தோணியார் திருநாளோடும் உண்டு, மாடுகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார்கள் என்கிறது. பகுத்தறிவாளர் குடும்பத்துக் குழந்தை, "எங்களுக்குத் தீபாவளி கிடையாது, பொங்கல்தான்" என்கிறது. அதைக் கேட்ட மற்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தபோது நான் ஒரு செய்தியைச் சொன்னேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று ஊரே பட்டாசு வெடிப்பதில்லை. செய்யாமல் இருப்பதும் ஒரு வழக்கம்தான் என்பது வகுப்புக்குப் புதிதாக இருந்தது. அன்று முதல் "எங்கள் வீட்டில் செய்யமாட்டோம்" என்று தொடங்கும் கதைகள் பெருகிவிட்டன.

இந்த வழியில் மட்டுமே வந்து சேர்கிற ஒன்று உண்டு: துக்கம். வேட நாளில் அதற்கு வேடம் கிடையாது. ஓர் ஆண்டு ஒரு சிறுவன், "இந்த வருடம் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை, தாத்தா இறந்துவிட்டார்" என்றான். கொண்டாடாத வீட்டுக்குத்தான் தெருவார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று அவனே சொன்னான். உடனே ஒரு பெண், நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளுக்குத் தன் பாட்டியின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவதைச் சொன்னாள். இன்னொருவன், பெருநாள் தொழுகை முடிந்து வாப்பாவோடு அடக்கத்தலத்துக்குப் போவதைச் சொன்னான். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டதை மற்றொருவன் சொன்னான். நான் குறுக்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா இறந்திருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் பெருமை பேசுவார்கள். யார் வீட்டில் எத்தனை புத்துடை, எத்தனை ஆயிரம் வாலா என்று போட்டி தொடங்கிவிடும். "வாங்கியதைச் சொல்லாதே, செய்ததைச் சொல்" என்று ஒரு விதி வைத்தேன், பெருமளவு அடங்கியது. சில வீடுகளில் பெற்றோர் பிரிந்திருப்பார்கள், சில குழந்தைகள் விடுதியில் இருப்பார்கள். அவர்களை முதலில் கூப்பிடக் கூடாது. நாலைந்து பேர் சொல்லி முடித்து, தினமும் இரவு அண்ணன் பயமுறுத்துவதுகூட வீட்டு வழக்கம்தான் என்ற சூழல் வந்தபிறகு அவர்களே கை தூக்குவார்கள். இன்னொரு குறை, கதை சொல்லும் பிள்ளை தப்பும் தவறுமாகச் சொல்லும். ஆதாமும் ஆஞ்சநேயரும் ஒரே கதையில் வந்திருக்கிறார்கள். திருத்தலாமா? நான் திருத்துவதில்லை. அன்று மாலை அழைத்துப்போக வரும் பாட்டியிடம் விட்டுவிடுவேன்.

சரி, எதை எடுப்பது

மூன்று நான்கு வயதென்றால் காலண்டரும் வீட்டுக் கதையும் போதும். அந்த வயதில் தன் வீடு இன்னதென்றே இப்போதுதான் பிடிபடுகிறது. அதற்குள் மற்ற பத்து வீட்டைக் கொண்டுவந்து குவித்தால் எல்லாம் இனிப்பாகக் கரைந்துவிடும். ஐந்து, ஆறு வயதில் அந்த ஒரே வீட்டு நட்பைத் தொடங்கலாம். ஏழு, எட்டில் தலங்கள், ராஜா கட்டிய மினாரா, ஏன் ஒருவர் உண்பதை ஒருவர் உண்பதில்லை என்ற கேள்விகள் எல்லாம் ஏற்கும். வேட நாளை எந்த வயதுக்கும் நான் முதலில் வைக்கமாட்டேன். பள்ளி எப்படியும் நடத்தத்தான் செய்யும் என்றால், அதை ஒரு விளையாட்டாக நினைத்து அனுப்பிவிட்டு, அன்று மாலை உண்மையான அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

தெருவில் வேற்று வீடே இல்லாதவர்கள் தலத்திலிருந்து தொடங்கலாம், அல்லது வகுப்பு நண்பனின் குடும்பத்திலிருந்து. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் நிலைமை தலைகீழ். அங்கே நம் வீடுதான் அந்த அடுத்த வீடு. அப்போது பள்ளிக்கு ஒரு பெட்டி முறுக்கை அனுப்புவதைவிட, ஒரு நண்பனை வீட்டுக்கு அழைத்து முறுக்கு பிழியவிடுவது மேல். அச்சை அழுத்த இரண்டு பேர் வேண்டும் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

கடைசியாக ஒரு சின்ன நடைமுறைச் செய்தி. வந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது நம் பெண்களின் பழைய சட்டம். ஒரு பிடி சர்க்கரையாவது வைப்பார்கள். அதில் என்ன வைப்பது என்ற முடிவைக் குழந்தையிடம் விட்டுப்பாருங்கள். என் வகுப்புப் பெண் ஒருத்தி, எதிர்வீட்டுத் தட்டில் தன் பென்சில் டப்பாவிலிருந்து இன்னும் பிரிக்காத புது ரப்பர் ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறாள். மறுநாள் அவளுடைய அம்மா வெட்கத்தோடு என்னிடம் சொன்னார். அந்த வீட்டுப் பையனும் என் வகுப்புதான். அன்று முழுக்க அவன் எழுதியதைவிட அழித்தது அதிகம்.